பொருந்தாத துளையை அராவிப் பெரிதாக்காதீர்கள்

கேள்வி: ஐயா, வணக்கம். டர்பனுக்கு அருகே டொங்காட்டிலிருந்து எழுதுகிறேன். என்னிடம் 2017ஆம் ஆண்டின் டொயோட்டா ஹைலக்ஸ் பக்கி (பிக்கப் வண்டி) இருக்கிறது, 2.8 ஜிடி-6, இரட்டைக் கேபின், நான்கு சக்கர இயக்கம். வண்டியை 50 மி.மீ. உயர்த்தும் சஸ்பென்ஷன் கிட் ஒன்றை இணையத்தில் வாங்கி, ஒரு சனி ஞாயிறில் என் மைத்துனரும் நானும் வீட்டு முற்றத்திலேயே பொருத்தினோம். பின்பக்க இடது ஸ்பிரிங் எளிதாக உட்கார்ந்தது. வலது ஸ்பிரிங்கின் சென்டர் போல்ட் மட்டும் ஆக்சிலின் துளைக்குள் இறங்கவில்லை. யூ போல்ட்டை இறுக்கினால் இறங்கிவிடும் என்று இறுக்கிவிட்டோம். ஸ்பிரிங்கின் பின் முனையைச் சட்டகத்தோடு இணைக்கும் ஷேக்கிளைக் கடப்பாரையால் நெம்பித்தான் மாட்ட முடிந்தது. இப்போது வண்டியின் முன்புறம் வலப்பக்கம் 15 மி.மீ. தாழ்ந்து நிற்கிறது. மேடு பள்ளத்தில் முன்பக்கம் 'டொக்' என்று சத்தம் வருகிறது. வண்டியைக் கிளப்பும்போது ஓர் உதறலும் இருக்கிறது. அலைன்மென்ட் கடையில் காஸ்டர் (ஸ்டியரிங் அச்சின் முன்பின் சாய்வு) அளவு வரவில்லை என்கிறார்கள். விற்றவரைக் கேட்டால், "எல்லா ஹைலக்ஸுக்கும் பொருந்தும்" என்கிறார். துளையைச் சற்று அராவிப் பெரிதாக்கலாம் என்கிறார் மைத்துனர். டிசம்பரில் பின் தொட்டியின் மேலே கேனப்பி (கூண்டு) மாட்டிக்கொண்டு, குடும்பத்தோடு சானி கணவாய் மலைப்பாதைக்குப் போக நினைத்திருக்கிறோம். என்ன செய்யட்டும்?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் ஐந்தாறு குறைகள் இருந்தாலும் அவற்றுள் ஒன்று மற்றவற்றைப் போன்றதன்று. வலது பக்கச் சென்டர் போல்ட் துளைக்குள் இறங்காத நிலையில் அந்த வண்டியை இனி ஒரு கிலோமீட்டர்கூட ஓட்ட வேண்டாம். சத்தமும் உதறலும் தொந்தரவுகள்; இது ஆபத்து. பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தால் இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள்.

காரணத்தைச் சொல்கிறேன். உங்கள் வண்டியில் பின் ஸ்பிரிங் பட்டைகள் ஆக்சிலின் மேல் உட்காருகின்றன. பட்டைகளை ஒன்றாகக் கோத்திருக்கும் சென்டர் போல்ட்டின் தலை, ஆக்சிலோடு பற்றவைக்கப்பட்ட மேடையில் இருக்கும் துளைக்குள் இறங்கி நிற்க வேண்டும். ஆக்சில் முன்னேயோ பின்னேயோ நகராமல் தடுக்கும் ஆணி அதுதான். யூ போல்ட்டுகளின் வேலை பட்டையையும் மேடையையும் பிரியாமல் அழுத்திப் பிடிப்பது. தலை துளைக்கு வெளியே நிற்கும்போது பட்டை மேடையில் படியாமல் அந்தச் சிறிய தலையின் மேல் ஏறி நிற்கிறது. நீங்கள் யூ போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் அந்த இறுக்கம் நாலு நாளில் தளர்ந்துவிடும். அதன் பிறகு பிரேக் அழுத்தும்போது வலது சக்கரம் முன்னேயோ பின்னேயோ நகரும். வண்டி நண்டு நடப்பதுபோலச் சாய்ந்து ஓடும். இறக்கத்தில், சுமையோடு, அது நகரும் நேரம் உங்கள் கையில் இருக்காது.

துளையை அராவலாம் என்ற யோசனையை நானும் ஒருமுறை செய்து பார்த்தவன். 1990களின் தொடக்கத்தில் சாட்ஸ்வர்த்தில் ஒரு பட்டறையில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். கரும்புத் தோட்டத்துக்கு ஓடும் ஒரு பக்கிக்குப் புது ஸ்பிரிங் போட்டபோது இதே போல் போல்ட் இறங்கவில்லை. மாலைக்குள் வண்டியைக் கொடுக்க வேண்டும் என்று துளையை முட்டை வடிவில் அராவி, போல்ட்டை இறக்கிவிட்டோம். மூன்று வாரத்தில் அந்த வண்டி திரும்பி வந்தது. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தபோது, ஆக்சில் மேடையின் விளிம்பில் பெயின்ட் போய், நகக்கண் அளவில் ஒரு பிறை வெள்ளி போல மின்னியது. அதைச் சுற்றிச் செந்நிற இரும்புத் தூள் படிந்திருந்தது. பட்டை முன்னும் பின்னும் தேய்ந்து நடந்த தடம் அது. ஓட்டுநருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது எங்கள் நல்ல காலம். அன்றிலிருந்து பொருந்தாத துளையை நான் அராவியதில்லை; என்னிடம் வேலை பழகுகிறவர்களையும் அராவ விட்டதில்லை.

இனி உங்கள் வண்டிக்கு வருவோம். இடப்பக்கம் எளிதாக இறங்கியது, வலப்பக்கம் இறங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியை வைத்துப் பார்த்தால், இடது பக்க யூ போல்ட்டுகளை முழுதாக இறுக்கிய பிறகுதான் நீங்கள் வலது பக்கத்துக்குப் போயிருப்பீர்கள் என்று தோன்றுகிறது. ஒரு பக்கம் கெட்டியாகக் கட்டப்பட்டுவிட்டால் ஆக்சில் சற்றே திரும்பி நின்றுவிடும். மறுபக்கத்தில் துளையும் போல்ட்டும் விரல் அகலம் விலகியிருக்கும். எத்தனை நெம்பினாலும் சேராது. ஆகவே இரண்டு பக்கமும் யூ போல்ட்டுகளை முழுதும் தளர்த்துங்கள். சட்டகத்தை ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்தி, ஆக்சிலை ஜாக்கியில் தாங்கவைத்து, அது தாராளமாக அசையும்படி விடுங்கள். இறுக்கு வார் ஒன்றைச் சட்டகத்திலும் ஆக்சிலிலும் கட்டி மெதுவாக இழுத்தால் வலப்பக்கம் தன் இடத்துக்கு வரும். இரு போல்ட் தலைகளும் துளைக்குள் இறங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகே யூ போல்ட்டுகளைக் கையால் பிடிக்க வைத்து, இரு பக்கமும் மாறி மாறி, குறுக்காக, சிறிது சிறிதாக இறுக்குங்கள். ஒருமுறை முழு இறுக்கம் கண்ட யூ போல்ட்டுகளை மீண்டும் பயன்படுத்தாதீர்கள். அவை இறுக்கும்போதே சற்று நீண்டுவிடுகின்றன. புதிய தொகுதி வாங்குங்கள், அதன் உள் அகலமும் வளைவும் பழையதோடு ஒத்திருக்கிறதா என்று வைத்துப் பாருங்கள்.

அப்படியும் இறங்கவில்லை என்றால் காலிப்பர் எடுத்துப் போல்ட் தலையின் விட்டத்தையும் துளையின் விட்டத்தையும் அளக்க வேண்டும். பல நேரங்களில் பவுடர் கோட்டிங் தடித்துத் தலையை அடைத்திருக்கும்; அந்தப் பூச்சைச் சுரண்டி எடுப்பதில் தவறில்லை. இரும்பே பெரிதாக இருந்தால் போல்ட்டைத்தான் மாற்ற வேண்டும். சரியான தலையுள்ள சென்டர் போல்ட்டை ஸ்பிரிங் கடைகளில் தனியாகவே வாங்கலாம். பட்டைக் கட்டை இரண்டு கிளாம்ப்பால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மாற்றுவது ஒரு மணி நேர வேலை. பட்டையைப் பிடிக்காமல் போல்ட்டைக் கழற்றினால் அது விரிந்து அடிக்கும். இதில் பழக்கமில்லாதவர் கை வைக்கக் கூடாது.

ஷேக்கிளைக் கடப்பாரையால் நெம்பினோம் என்பதுதான் என்னை இன்னும் அதிகமாக யோசிக்க வைக்கிறது. இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம், இரண்டும் ஒன்றல்ல. முதலாவது இயல்பானது: உயர்த்தும் ஸ்பிரிங் பழையதைவிட அதிகமாக வளைந்திருப்பதால், அதன் இரு முனைகளிலும் உள்ள வளையங்களுக்கு, அதாவது காதுக்குக் காது, நேர் தூரம் குறைந்திருக்கும். முன் காதை மாட்டிவிட்டு ஆக்சிலை ஜாக்கியால் தூக்கிப் பட்டையைச் சற்றுத் தட்டையாக்கினால் அது நீண்டு ஷேக்கிளைத் தொடும்; கடப்பாரை தேவைப்படாது. இரண்டாவது காரணம், அந்த ஸ்பிரிங் உங்கள் வண்டிக்கு உரியதே அல்ல என்பது. "எல்லா ஹைலக்ஸுக்கும் பொருந்தும்" என்று விற்றவர் சொன்னது தவறு. இங்கே டர்பனுக்குத் தெற்கே பிராஸ்பெக்டன் தொழிற்சாலையிலிருந்து வரும் ஹைலக்ஸில் தலைமுறைகள் வேறு வேறு. நாம் 'டி4டி' என்று சொல்லிப் பழகிய முந்தைய தலைமுறை 2005இல் வந்தது. உங்கள் ஜிடி-6 தலைமுறை 2016இல் இங்கே விற்பனைக்கு வந்தது. புதியதில் பின் ஸ்பிரிங் முந்தையதைவிட 100 மி.மீ. அளவுக்கு நீளம், சட்டகத்தில் அது மாட்டும் இடமும் மாறியிருக்கிறது. பழைய தலைமுறையின் ஸ்பிரிங்கைப் புதிய வண்டியில் நெம்பி மாட்டினால், நீங்கள் எழுதியிருப்பது போலவேதான் இருக்கும்.

எனவே வாருங்கள், அளந்து பார்ப்போம். கழற்றிய பழைய ஸ்பிரிங் உங்களிடம் இன்னும் இருக்கும் என்று நம்புகிறேன். துணி அளக்கும் டேப்பை மெயின் பட்டையின் வளைவோடு ஒட்டவைத்து, முன் காதின் நடுவிலிருந்து சென்டர் போல்ட் வரை ஓர் அளவும், சென்டர் போல்ட்டிலிருந்து பின் காதின் நடு வரை இன்னோர் அளவும் எடுங்கள். இரண்டு அளவும் புதியதிலும் பழையதிலும் ஒத்திருக்க வேண்டும். மொத்த நீளம் ஒத்திருந்து இந்த இரண்டும் இடம் மாறி இருந்தால் ஸ்பிரிங்கை முன்பின்னாக மாட்டியிருக்கிறீர்கள். மொத்தமே குறைந்தால் அது வேறு வண்டியின் ஸ்பிரிங். பிறகு வண்டியைச் சமதளத்தில், சக்கரங்கள் தரையில் ஊன்றியபடி நிறுத்திவிட்டு ஷேக்கிளைப் பக்கவாட்டில் பாருங்கள். சுமையில்லாத வண்டியில் அதன் கீழ் முனை சற்றுப் பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். சுமை ஏறும்போது பட்டை தட்டையாகி நீளும். அந்த நீட்சிக்கு ஷேக்கிள் பின்னால் போய் இடம் கொடுக்கும். கீழ் முனை முன்னோக்கிச் சாய்ந்திருந்தால், ஒவ்வொரு பள்ளத்திலும் பட்டை முதலில் ஷேக்கிளோடு மல்லுக்கட்டிவிட்டுத்தான் வளைய முடியும். பின் இருக்கையில் இருப்பவர் இடுப்பைப் பிடித்துக்கொள்வார்.

ஸ்பிரிங் தவறானது என்று அளவு சொன்னால் திருப்பிக் கொடுங்கள். நம் தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56ஆம் பிரிவின்படி, நோக்கத்துக்குத் தகாத அல்லது குறையுள்ள பொருளைப் பெற்ற நாளிலிருந்து 6 மாதத்துக்குள் விற்றவரின் செலவிலேயே திருப்பி, பழுது நீக்கமோ மாற்றுப் பொருளோ பணமோ, எது வேண்டும் என்பதை நீங்களே தேர்ந்து கேட்கலாம். ஆனால் அறிவுறுத்தலுக்கு மாறாகப் பொருளில் கை வைத்து மாற்றியிருந்தால் இந்தப் பாதுகாப்பு கைவிட்டுப் போகலாம். அரத்தைத் தொட வேண்டாம் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். டேப் தெரியும்படி பழைய ஸ்பிரிங்கையும் புதியதையும் அருகருகே வைத்துப் படம் எடுத்து, அந்த அளவுகளோடு எழுத்து மூலமாகக் கேளுங்கள். தொலைபேசியில் பேசியதற்குச் சாட்சி இல்லை.

முன்பக்கச் சாய்வுக்கும் சத்தத்துக்கும் பெரும்பாலும் ஒரே வேர்தான் இருக்கும் என்று எண்ணுகிறேன். வண்டி ஸ்டாண்டில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே முன் சக்கரத்தைச் சட்டகத்தோடு இணைக்கும் கீழ்க் கையின் போல்ட்டுகளையும், காயில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஸ்ட்ரட்டின் கீழ் போல்ட்டையும் முழுதாக இறுக்கினீர்களா? வீட்டில் பொருத்துபவர்களில் பெரும்பாலோர் செய்யும் தவறு இது. போல்ட்டைச் சுற்றி இருக்கும் கம்பெனி ரப்பர் புஷ் உருண்டு சுழலுவதில்லை; உள் குழாயோடும் வெளி ஓட்டோடும் ஒட்டியிருந்து, முறுக்கிக்கொள்வதால்தான் கை மேலும் கீழும் அசைகிறது. சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால் அந்த நிலையே அதற்கு ஓய்வு நிலையாகிவிடும். வண்டியை இறக்கியதும் ரப்பர் எப்போதும் முறுக்கேறியே நிற்கும். இரண்டு பக்கமும் ஒரே அளவில் முறுக்கேறாததால் வண்டி சாயும். சில ஆயிரம் கிலோமீட்டரில் ரப்பர் கிழிந்து, கையால் தொட்டால் கரித்தூள் போல ஒட்டும். பின் ஸ்பிரிங்கின் காதுகளில் ரப்பர் புஷ் இருந்தால் அங்கும் இதே விதிதான். பாலியுரேத்தேன் புஷ் உள் குழாயைச் சுற்றித் தாராளமாகச் சுழலும் என்பதால் இந்தத் தொல்லை இல்லை. கிட்டோடு வரும் கிரீஸைப் பூசியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே வண்டி நான்கு சக்கரத்திலும் நிற்கும்போது அந்தப் போல்ட்டுகளை எல்லாம் தளர்த்தி, பம்பரைப் பிடித்து நாலைந்து முறை அழுத்தி விட்டு, அப்படியே தரையில் வைத்து டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். கீழ்க் கையில் உள்ள, சக்கரக் கோணத்தைத் திருத்தும் முட்டைத் தட்டு (கேம்) போல்ட்டுகளின் கோடுகளைச் சுண்ணக்கட்டியால் குறித்துவிட்டுத் தளர்த்துங்கள். இல்லையென்றால் அலைன்மென்ட் முழுதும் போய்விடும். பிறகு ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலிருந்தும் மட்கார்டு விளிம்பு வரை அளந்து நான்கு எண்களை எழுதுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர்க் காற்று கணக்கைக் கெடுக்கும். இடம் வலம் 10 மி.மீ. வரை வேறுபாடு இருந்தால் நான் அதைப் பொருட்படுத்த மாட்டேன்.

அப்போதும் 15 மி.மீ. குறையவில்லை என்றால் முன்பக்கக் காயில் ஸ்பிரிங்கில் ஒட்டியிருக்கும் விவரச் சீட்டைப் பாருங்கள். பல கிட்களில் இரண்டு பக்கத்துக் காயிலும் ஒன்றல்ல. வண்டியின் எடை இரு பக்கமும் சமமாக இல்லாததால் ஒன்றைச் சற்று உயரமாகச் செய்கிறார்கள். சீட்டில் 'டிரைவர் பக்கம்' என்று எழுதியிருந்தால் அது எந்த நாட்டு டிரைவர் என்று கேளுங்கள். ஸ்டியரிங் இடப்பக்கம் உள்ள நாடுகளுக்குச் செய்த கிட்டாக இருந்தால் அந்த டிரைவர் உட்காருவது நம் பயணி இடம். 'இடது', 'வலது' என்று எழுதியிருந்தால் குழப்பமில்லை. வண்டிக்குள் முன்னோக்கி உட்கார்ந்த நிலையில் இடம் வலம் பார்ப்பதே வழக்கம். காயில்கள் மாறியிருந்தாலும், தாழ்ந்த பக்கத்தில் மேலே சிறு இடைத்துண்டு வைக்க வேண்டியிருந்தாலும், ஸ்ட்ரட்டைப் பிரிக்கும் வேலையைப் பட்டறையில் கொடுங்கள். அழுத்தப்பட்ட காயில் விடுபட்டால் உயிருக்கே ஆபத்து. இடைத்துண்டின் கணக்கு ஒன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: ஸ்ட்ரட் கீழ்க் கையின் நடுப்பகுதியில் மாட்டப்பட்டிருப்பதால் மேலே 5 மி.மீ. வைத்தால் சக்கரத்தில் ஏறக்குறைய 10 மி.மீ. உயரும். இது தெரியாமல் 15 மி.மீ. துண்டு வைத்து, எதிர்ப்பக்கம் சாய வைத்தவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

'டொக்' சத்தம் புஷ்களைச் சரிசெய்த பிறகும் இருந்தால், ஸ்ட்ரட்டின் உச்சியில் உள்ள தண்டு நட்டின் மேல் கை வைத்துக்கொண்டு ஒருவரை வண்டியை அழுத்தச் சொல்லுங்கள். விரல் நுனியில் அந்தத் தட்டல் தெரிந்தால் நட்டு முழுதாக இறங்கவில்லை, அல்லது வாஷரும் ரப்பரும் வரிசை மாறியிருக்கின்றன. அங்கே இல்லையென்றால் ஸ்டெபிலைசர் கம்பியின் இணைப்புகளைப் பாருங்கள்.

உதறலுக்கு விளக்கம் எளிது. உங்கள் வண்டியின் பின் பிரொப்பெல்லர் ஷாஃப்ட் இரண்டு துண்டாக, நடுவில் ஒரு பேரிங்கோடு ஓடுகிறது. பின்புறம் உயரும்போது இணைப்புகளின் கோணம் மாறுவதால் கிளம்பும் வேகத்தில் மட்டும் உதறும். நடு பேரிங்கைச் சற்று இறக்கும் இடைத்துண்டு பல கிட்களில் இருக்கும். பெட்டியில் தேடிப் பாருங்கள். ஆனால் பின் ஸ்பிரிங்கைச் சரிசெய்வதற்கு முன் இதைத் தொட வேண்டாம். ஆக்சில் நேராக உட்கார்ந்ததுமே உதறல் போய்விட வாய்ப்பிருக்கிறது.

காஸ்டரும் அப்படித்தான். வண்டி உயர உயரக் காஸ்டர் குறையும். குறைந்தால் நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் தானாக நேராகத் திரும்பாமல் அலைபாயும். 50 மி.மீ. உயரத்தில் கம்பெனி முட்டைத் தட்டுகளாலேயே பெரும்பாலும் அளவைக் கொண்டுவர முடியும். சாய்ந்து, புஷ் முறுக்கேறி நிற்கும் வண்டியில் எடுத்த அலைன்மென்ட் அளவுக்கு மதிப்பில்லை. மேலே சொன்னவற்றை முடித்துவிட்டு, கேனப்பியையும் மாட்டிக்கொண்டு மீண்டும் போங்கள். அப்போதும் தட்டு அதன் எல்லையில் நின்று காஸ்டர் வரவில்லை என்றால், திருத்திய கோணமுள்ள மேல் கைகள் வாங்கத்தான் வேண்டும்.

எதையும் விட்டுவிடாமல் பார்க்க வேண்டியது பிரேக். சக்கரங்கள் முழுதாகத் தொங்கும்போதும், ஸ்டியரிங்கை இரு எல்லைக்கும் திருப்பும்போதும் பிரேக் ஹோஸோ ஏபிஎஸ் வயரோ இழுபடக் கூடாது; பின் ஆக்சிலின் காற்றுக் குழாயையும் பாருங்கள். உங்கள் மைத்துனர் பழைய ஹைலக்ஸ் வைத்திருந்தால் அவருக்கும் ஒன்று சொல்லுங்கள்: பின் ஆக்சிலிலிருந்து சட்டகத்துக்கு ஒரு கம்பியால் இணைக்கப்பட்ட, சுமையை அறியும் பிரேக் வால்வு அந்த வண்டிகள் பலவற்றில் உண்டு. வண்டியை உயர்த்திவிட்டு அந்தக் கம்பியைத் திருத்தாமல் விட்டால், வண்டி காலியாக இருப்பதாக வால்வு எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும்.

சானி கணவாய் பற்றி. அதன் உச்சி 2,876 மீட்டரில் இருக்கிறது. இறங்கும்போது எடை முன் சக்கரங்களின் பக்கம் சாயும்; பிரேக்குக்கும் வேலை கூடும். கேனப்பி, நால்வர், தண்ணீர், சாமான் எல்லாம் ஏற்றி வண்டியை ஒருமுறை எடைமேடையில் நிறுத்துங்கள். எந்தச் சுமைக்கென ஸ்பிரிங் செய்யப்பட்டது என்பது அதன் சீட்டில் இருக்கும். எப்போதும் 300 கிலோ சுமக்கும் வண்டிக்கான ஸ்பிரிங்கைக் காலி வண்டியில் போட்டால் ஷேக்கிள் ஒருபோதும் சரியான இடத்துக்கு வராது. கெட்டியான ஸ்பிரிங் போட்டதால் வண்டியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை கூடிவிடாது; வண்டித் தகட்டில் அச்சிட்ட எண்ணே கடைசி எண். உயர்த்தியதைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்து மூலமாகத் தெரிவித்துவிடுங்கள்.

டிசம்பருக்கு முன் வேலையை முடித்து, முதலில் என்2 சாலையில் ஸ்டாங்கர் வரை போய் வாருங்கள். 500 கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டுகளைக் கிட்டின் தாளில் உள்ள அளவுக்கு மீண்டும் இறுக்கி, நான்கு மட்கார்டு அளவுகளையும் திரும்ப எடுங்கள். ஸ்பிரிங்கின் இரண்டு அரை நீளங்களையும் அந்த நான்கு எண்களையும் எனக்கு எழுதுங்கள். முன்புறம் வலப்பக்கம் இன்னும் தாழ்ந்திருந்தால் காயிலை மாற்றுவதா, இடைத்துண்டு போதுமா என்று அவற்றைப் பார்த்துச் சொல்கிறேன்.